பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுக் குஞ்சைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஊருக்கு ஊர் வாழ்வாதார உதவி என்று கோழிக்குஞ்சு கொடுக்கிறார்கள். இன்னொரு பக்கம் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வீதி வீதியாகக் கூவி விற்கிறார்கள். இரண்டிலும் ஒரே பிரச்சினைதான் திரும்பத் திரும்ப வருகிறது. முட்டைக்கென்று வாங்கி, நான்கு ஐந்து மாதம் தீன் போட்டு வளர்த்த பிறகு பாதிக்கு மேல் சேவலாக நிற்கிறது. எங்கள் படுவான்கரைப் பக்கம் இப்படி ஏமாந்த வீடுகள் நிறைய. அதிலும் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்களின் வீடுகள்தான் கூட, ஏனென்றால் அவர்களுக்குத்தான் இந்த உதவிகள் முதலில் போகின்றன. இதைத் தடுக்கப் பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை, குஞ்சு கைக்கு வரும் அன்றைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி அதன் நிறத்தைச் சரியாகப் பார்த்தால் பெரும்பாலும் போதும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நிறத்தை எந்தக் குஞ்சில் பார்க்கலாம், எந்தக் குஞ்சில் பார்க்கவே கூடாது என்பது தெரியாமல் பார்த்தால் பாராததை விட மோசம். அதனால் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீதியில் நடப்பதைச் சொல்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன்னமே வியாபாரி வருவார், பெட்டிக்குள் வெளிர் மஞ்சளாக, கொஞ்சம் வெள்ளை கலந்த மாதிரி, அழகான குஞ்சுகள். "தம்பி, இது முட்டைக் கோழிதானே?" என்று கேட்டால் "ஓம் அக்கா, முட்டைக் கோழிதான், லேயர்" என்பார். அவர் சொல்வது பொய்யும் இல்லை, அது லேயர் இனத்துக் குஞ்சுதான். ஆனால் அந்த இனத்தின் சேவல். இன்றைக்கு நம் நாட்டில் பண்ணைகளில் வளர்க்கும் பழுப்பு முட்டை லேயர்கள், ஷேவர் பிரவுண், ஹைலைன் பிரவுண், லோமன் பிரவுண் போன்றவை, பொரிக்கும் அன்றைக்கே நிறத்தால் பிரிகிற மாதிரி உண்டாக்கப்பட்டவை. பேட்டுக் குஞ்சு செம்பழுப்பாகவும் சேவல் குஞ்சு வெளிர் மஞ்சளாகவும் வரும். பொரிப்பகத்தில் பழுப்பை எடுத்துப் பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள், மஞ்சளுக்கு அங்கே வேலையில்லை. அப்படி ஒதுக்கப்பட்ட மஞ்சள் குஞ்சுதான் குறைந்த விலைக்குக் கைமாறி ஊருக்குள் வருகிறது. விலை மலிவு என்று நம் ஆக்கள் ஆசையாக வாங்குகிறார்கள். பச்சை, ரோஸ் என்று சாயம் அடித்த குஞ்சு யாராவது கொண்டுவந்தால் இன்னும் கவனம் வேண்டும், சாயத்துக்குக் கீழே என்ன நிறம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

அதற்காக "மஞ்சள் என்றால் சேவல்" என்று மனதில் எழுதி வைத்துக்கொள்ளவும் கூடாது. புறொயிலர் குஞ்சு பேடும் மஞ்சள், சேவலும் மஞ்சள். வெள்ளை லெக்ஹோன் குஞ்சும் அப்படித்தான். நிறம் பேசுவது தாயும் தகப்பனும் குறிப்பிட்ட சோடியாக இருக்கும்போது மட்டும்தான். அந்தச் சோடி எது, ஏன் அப்படி என்று விளங்கினால் பிறகு யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் நிறமூர்த்தத்தை, அதாவது பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் குரோமோசோமைப் பொறுத்தது. பறவைகளில் இது மறுபுறம். சேவலிடம் இரண்டு இசட் நிறமூர்த்தம், பேட்டிடம் ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். பேடு தன்னுடைய இசட்டைக் கொடுத்தால் குஞ்சு சேவல், டபிள்யூவைக் கொடுத்தால் குஞ்சு பேடு. இப்போது கவனியுங்கள், இறகின் நிறத்தைத் தீர்மானிக்கும் சில பரம்பரை அலகுகள் (ஜீன்கள்) இந்த இசட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அப்படியானால் தாயின் இசட்டில் இருக்கும் நிறம் மகனுக்கு மட்டும்தான் போகும், மகளுக்குப் போகவே வழியில்லை. மகளுக்குக் கிடைக்கும் ஒரே இசட் தகப்பனுடையது. மட்டக்களப்பில் நமக்குக் குடி என்கிற குலப்பிரிவு தாயிடமிருந்து வந்து மகள் வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது அல்லவா, கோழியின் இந்த நிறம் அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. மகள் தகப்பனைப் போல, மகன் தாயைப் போல. ஆனால் தாயின் நிறம் தகப்பனின் நிறத்தை மேவி நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பழுப்பு லேயரில் நடப்பது இதுதான். தகப்பன் பக்கம் றோட் ஐலண்ட் ரெட் மாதிரியான செந்நிறச் சேவல், தாய்ப் பக்கம் வெள்ளி நிறம் என்று சொல்லப்படும் அலகு உள்ள வெளிர் நிறப் பேடு. லைட் சசெக்ஸ் அப்படியான ஓர் இனம், வெள்ளை உடம்பும் கழுத்தில் கறுப்புக் கீற்றும். வெள்ளி செம்மையை மேவும். மகனுக்குத் தாயின் வெள்ளி கிடைக்கிறது, அதனால் அவன் வெளிர் மஞ்சள். மகளுக்குத் தகப்பனின் செம்மை மட்டும், அதனால் அவள் பழுப்பு. இதையே தலைகீழாக, வெள்ளிச் சேவலையும் செந்நிறப் பேட்டையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் வெளிர் நிறத்தில் வந்து நிற்கும், ஒன்றையும் பிரிக்க முடியாது. ஆகவே "இரண்டு இனமும் இருக்கிறது, நிறம் பார்த்துப் பிரிக்கலாம்" என்று யாராவது சொன்னால் எது சேவல், எது பேடு என்று கேளுங்கள்.

குஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழுப்புக் குஞ்சு எல்லாம் ஒரே அச்சில் வராது. சிலதுக்கு முதுகில் வெளிர் நிறத்தில் இரண்டு கோடு ஓடும், சிலதுக்குத் தலை கொஞ்சம் வெளிறியிருக்கும். அதே மாதிரி மஞ்சள் சேவல் குஞ்சு சிலதின் முதுகிலோ தலையிலோ பழுப்புக் கோடு லேசாக விழுந்திருக்கும். கோட்டை மட்டும் பார்த்தால் குழம்பிப் போவீர்கள். கோட்டை விட்டுவிட்டு உடம்பின் அடி நிறத்தைப் பாருங்கள். அடி நிறம் பழுப்பா, மேலே வெளிர்க் கோடா? பேடு. அடி நிறம் வெளிறி, மேலே பழுப்புக் கோடா? சேவல். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இதைப் பார்க்காதீர்கள், எல்லாம் ஒன்று மாதிரித் தெரியும். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில், பழுப்பு ஒன்றையும் மஞ்சள் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடம்பு நன்றாகக் காய்ந்த குஞ்சாகவும் இருக்க வேண்டும், ஈரத்தோடு இருக்கும்போது எல்லாமே கருமையாகத்தான் தெரியும். அப்புறம், நாள் போக விடாதீர்கள். மென்மயிர் உதிர்ந்து இறகு முளைக்கத் தொடங்கினால் இந்த அடையாளம் கலங்கிவிடும்.

இரண்டாவது சோடி கறுப்புக் குஞ்சு. இதில்தான் நம் ஊருக்குப் பிரயோசனம் கூட இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வரி பிளிமத் றொக் என்று ஓர் இனம் உண்டு, ஒவ்வொரு இறகிலும் குறுக்காகக் கறுப்பும் வெளிறிய சாம்பலும் மாறி மாறி வரி ஓடும். அந்தப் பேட்டோடு றோட் ஐலண்ட் ரெட் சேவலைச் சேர்த்தால் குஞ்சு எல்லாம் கறுப்பாகப் பொரிக்கும். சேவல் குஞ்சின் உச்சந்தலையில், பிடரியை ஒட்டி, வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். பேட்டுக் குஞ்சின் தலை முழுக் கறுப்பு. வளர வளர மகன் தாயைப் போல வரி வரியாக வருவான், மகள் கறுப்பாக, கழுத்தில் கொஞ்சம் செம்மை படிந்து வருவாள். இதிலும் ஒரு இடத்தில் ஆக்கள் தவறுவார்கள். கறுப்புக் குஞ்சுக்கு வயிறும் சிறகு நுனியும் வெள்ளையாக இருப்பது சாதாரணம், அது சேவலுக்கும் உண்டு, பேட்டுக்கும் உண்டு. அதைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தலையின் மேல்பக்கம் மட்டும்தான் கணக்கு.

இதை நம் ஊருக்குப் பிரயோசனம் என்று சொன்னதற்குக் காரணம், தகப்பன் றோட் ஐலண்ட் ரெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தாய் நிச்சயமாக வரி பிளிமத் றொக்காக இருந்தால், தகப்பன் வரி இல்லாத, வெள்ளை நிறம் இல்லாத எந்தச் சேவலாகவும் இருக்கலாம். முற்றத்தில் நிற்கும் சிவப்பு ஊர்ச் சேவலோ கறுப்பு ஊர்ச் சேவலோ போதும். வரி அலகு மேவி நிற்கும் தன்மை உள்ளது, அது இருந்தால் இறகில் தெரிந்துவிடும், நிறமுள்ள சேவலில் ஒளிந்திருக்காது. வெள்ளைச் சேவலில்தான் ஆபத்து, வெள்ளைக்குக் கீழே எது மறைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. இன்னொன்று, ஊரில் புள்ளி புள்ளியாக, சாம்பல் கலந்து நிற்கும் கோழி எல்லாம் இந்த வரிக்கோழி அல்ல. ஒரு இறகைப் பிடுங்கி வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து நுனிவரை குறுக்கு வரி ஒழுங்காக ஓடினால்தான் நம்பலாம், நுனியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தால் அது வேறு சங்கதி.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பேட்டின் உடம்பில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று கிழமைக்கு உயிரோடு இருக்கும், ஆகவே புதுச் சேவலோடு தனியாக அடைத்து மூன்று கிழமை கழித்துத்தான் அடைக்கு முட்டை சேர்க்க வேண்டும். அடுத்தது, அடைக்கோழியின் கூட்டுக்குள் மற்றக் கோழி வந்து முட்டை இட்டுவிட்டுப் போகும், நம் வீடுகளில் இது தினசரி நடப்பது. அதனால் அடை வைக்கிற முட்டையில் கரியால் ஓர் அடையாளம் போட்டு வையுங்கள், அடையாளம் இல்லாத முட்டையை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இருபத்தோராம் நாள் பொரிக்கும் குஞ்சில் எது யாருடைய பிள்ளை என்றே தெரியாமல் தலையில் பொட்டுத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பழுப்பு லேயரை வைத்து வீட்டில் இதே வேலையைச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. அந்தப் பழுப்புப் பேட்டிடம் இருப்பது தகப்பன் கொடுத்த செம்மை மட்டும், தாயின் வெள்ளி அவளுக்கு வரவே இல்லை. அவளை எந்த ஊர்ச் சேவலோடு சேர்த்தாலும் அவளுடைய குஞ்சுகளை இந்தச் செம்மை, வெள்ளி வித்தியாசத்தால் பிரிக்க முடியாது. பழுப்புப் பேட்டையும் அதே இனத்து வெளிர் நிறச் சேவலையும் சேர்த்தால் பழுப்பும் மஞ்சளும் கலந்து பொரிக்கும், பார்க்க அசல் மாதிரியே இருக்கும், ஆனால் பழுப்பிலும் சேவல் இருக்கும், மஞ்சளிலும் பேடு இருக்கும். இதுதான் மிகவும் மோசமான ஏமாற்றம். "லேயர் குஞ்சு, வீட்டில் பொரித்தது" என்று யாராவது பழுப்புக் குஞ்சு விற்றால் நிறத்தை நம்பி வாங்க வேண்டாம். நிறம் வேலை செய்வது முதல் தலைமுறைக்கு மட்டும்.

நம் ஊர்க்கோழிக்கு வருவோம். ஒரே அடையில் கறுப்பு, மஞ்சள், முதுகில் கோடு போட்டது, சாம்பல் என்று எல்லா நிறமும் பொரிக்கும், அதன் தாய்க்கும் தகப்பனுக்கும் முன்னால் எத்தனையோ கலப்பு நடந்திருக்கிறது. அந்த நிறத்தை வைத்து ஆண் பெண் சொல்ல முடியாது. கூரான முட்டை சேவல், உருண்டை முட்டை பேடு என்பதும் சரி வராது. முட்டையின் வடிவம் அதை இட்ட கோழியின் உடம்பைப் பொறுத்தது, ஒரே கோழி மாதக்கணக்கில் ஒரே மாதிரி வடிவத்தில்தான் இடும், அவளுக்குப் பொரிக்கும் குஞ்சில் பாதி சேவல், பாதி பேடாகத்தான் இருக்கும். நூலில் ஊசியைக் கட்டி ஆட்டிப் பார்ப்பது, குஞ்சைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உதறுகிறதா அமைதியாக இருக்கிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் பெரியவர்கள் சொன்னது என்று மரியாதையோடு கேட்டுக்கொள்ளலாம், குஞ்சைத் தயவு செய்து வதைக்காதீர்கள். ஊர்க்குஞ்சில் ஐந்தாறு கிழமை பொறுத்தால் சேவலின் கொண்டை சிவந்து தடிக்கத் தொடங்கும், தாடியும் தெரியும், காலும் மொத்தமாக இருக்கும். மூன்று மாதம் அளவில் வால் அடியிலும் கழுத்திலும் கூரான மினுக்க இறகு வந்தால் சந்தேகமே இல்லை.

நிறம் தவிர வேறு வழியே இல்லையா என்றால் இருக்கிறது. சில இனங்களில் சிறகைப் பார்ப்பார்கள். குஞ்சின் சிறகை மெல்ல விரித்தால் இரண்டு வரிசை முளை தெரியும், பேட்டுக்குக் கீழ் வரிசை மேல் வரிசையை விட நீளமாக இருக்கும், சேவலுக்கு இரண்டும் சமமாகவோ கீழ் வரிசை குட்டையாகவோ இருக்கும். இதுவும் அதற்கென்று தெரிந்து சேர்த்த சோடியில்தான் செல்லும். கழிவாயைத் திறந்து பார்க்கும் முறையை ஜப்பானியர்கள் 1920களில் கண்டுபிடித்து உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தார்கள், நன்றாகப் பழகிய ஆள் வேகமாகவும் திருத்தமாகவும் செய்வார், பழகாத கை செய்தால் குஞ்சின் குடல் பாதிக்கப்படும். வீட்டில் முயற்சி செய்யும் வேலை அல்ல அது.

நிறத்தைப் பார்ப்பது நேற்று வந்த நுட்பம் என்று நினைக்க வேண்டாம். முதலாம் உலகப் போர் நேரம் இங்கிலாந்தில் தீன் தட்டுப்பாடு. முட்டை இடாத சேவல் குஞ்சுக்குத் தீனைப் போட்டு வீணாக்காமல் முதல் நாளே பிரித்துவிடலாம், நிறத்தால் பிரிகிற மாதிரிச் சோடி சேருங்கள் என்று சொன்னவர் கேம்பிரிட்ஜில் இருந்த ரெஜினோல்ட் புனெட். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் பரம்பரைக் கணக்குக்குப் போடும் புனெட் சதுரம் அவருடைய பெயரில்தான் இருக்கிறது. பிறகு அவரும் மைக்கல் பீஸும் சேர்ந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்புச் செய்யத் தேவையில்லாமல், ஒரே இனத்துக்குள்ளேயே சேவல் குஞ்சு வெளிறியும் பேட்டுக் குஞ்சு முதுகில் தெளிவான கருங்கோட்டோடும் பொரிக்கிற கோழிகளை உண்டாக்கினார்கள். கேம்பார், லெக்பார் என்பவை அப்படி வந்தவை. சேவலுக்கு இரண்டு இசட் என்பதால் வரி அலகு இரண்டு மடங்கு விழுகிறது, பேட்டுக்கு ஒரு மடங்கு மட்டும், அதனால்தான் சேவல் கூட வெளிறிப் போகிறது. இந்தச் சதுரத்தைப் பரீட்சைக்குப் பாடமாக்கும் பிள்ளை, வீட்டில் அம்மா வாங்கி வந்த குஞ்சுப் பெட்டியில் அதையே கண்ணால் பார்க்கலாம். நம் பள்ளிக்கூடங்களில் உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இதை ஒரு தடவையாவது செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ஜேர்மனியில் 2022ஆம் ஆண்டு தொடக்கம் லேயர் இனத்துச் சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்வதைச் சட்டத்தால் தடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் இப்போது முட்டைக்குள் இருக்கும்போதே ஒளியைச் செலுத்தி, பதின்மூன்றாம் நாள் அளவில், உள்ளே வளரும் இறகின் நிறத்தைப் பார்த்துச் சேவல் முட்டையைப் பிரிக்கும் இயந்திரம் இருக்கிறது. அதுவும் இதே செம்மை, வெள்ளி வித்தியாசத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது, அதனால் பழுப்பு லேயருக்கு மட்டும்தான் சரி வருகிறது. நமக்கு அந்த இயந்திரம் தேவையில்லை, நம் கண் போதும்.

சரி, ஒரு குஞ்சு சேவலாகப் போனால் என்ன, இறைச்சிக்கு ஆகும்தானே என்று அதிகாரிகள் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரியின் பக்கத்திலிருந்து அதைப் பாருங்கள். பழுப்பு லேயர் பேடு ஒன்று முட்டை இடத் தொடங்கப் பதினெட்டு இருபது கிழமை ஆகும், அதற்குள் ஆறு ஏழு கிலோ தீன் தின்றுவிடும். அந்த இனத்துச் சேவலும் அதற்குக் குறையாமல் தின்னும், ஆனால் உடம்பு வைக்காது, புறொயிலர் மாதிரி ஆறு கிழமையில் சட்டிக்கு வராது. அந்தத் தீனுக்கு அவள் கடன் பட்டிருப்பாள். 2022 நெருக்கடியில் தீன் விலை எங்கே போனது, முட்டை கிடைக்காமல் 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினோம் என்பதெல்லாம் நமக்கு மறக்கவில்லை. அந்த நேரத்தில் சோளம், தவிடு, குருணல் என்று கிடைத்ததைப் போட்டுச் சேவலை வளர்த்து வைத்துக்கொண்டு, முட்டை வரும், பிள்ளையின் டியூஷன் காசு வரும் என்று காத்திருந்தவளிடம் "இறைச்சிக்கு ஆகும்தானே" என்று சொல்வது எனக்கு மனவருத்தம். முட்டை என்று சொல்லிக் கொடுத்தால் முட்டை இடுவதைத்தான் கொடுக்க வேண்டும். சேவல் வளர்க்க விரும்புகிறவருக்கு, சேவல் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு உதவித் திட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன், எந்த நிறுவனம் என்று எழுதவில்லை, அது முக்கியம் அல்ல. கூட்டம் வைத்து, மாலை போட்டு, படம் எடுத்து, மூடிய பெட்டியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் போய்த் திறந்தால் பழுப்பும் மஞ்சளும் கலந்து கிடந்தன. திரும்பிக் கொண்டுபோய்க் கேட்டவர்களுக்கு "நிறம் அப்படித்தான் இருக்கும், பிறகு மாறும்" என்று பதில் வந்தது. நிறம் மாறுவது உண்மை, ஆனால் சேவல் பேடாக மாறாது. பெட்டியைக் கூட்டத்திலேயே திறந்து காட்டியிருந்தால் அந்த இடத்திலேயே பிரித்துத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. குஞ்சு கொடுக்கும் எந்த நிறுவனமும், அரசாங்கமோ தனியாரோ, பெட்டியின் மேல் இனத்தின் பெயரையும், அது நிறத்தால் பிரியும் குஞ்சா இல்லையா என்பதையும் தமிழில் எழுத வேண்டும். கொடுக்கும் இடத்தில் பெட்டியைத் திறந்து, பயனாளியின் கண் முன்னால் குஞ்சை எண்ணிக் கொடுக்க வேண்டும். குஞ்சு குளிரில் வாடும், கனநேரம் திறந்து வைக்க முடியாது என்று சொல்வார்கள், அது சரிதான். முதல் கிழமையில் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை சூடு வேண்டும், மார்கழி வாடைக்காற்றில் வெளியில் வைத்தால் செத்துப் போகும். ஆனால் மண்டபத்துக்குள், காற்றுப் படாமல், ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இது. கூட்டத்துக்கு வரும் பேச்சாளர் ஒருவரைக் குறைத்தாலே அந்த நேரம் கிடைத்துவிடும்.

பிரதேச கால்நடை வைத்திய அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஊசி போட ஊருக்கு வரும்போது பழுப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, பொட்டு வைத்த கறுப்பு ஒன்று, பொட்டில்லாத கறுப்பு ஒன்று என்று நான்கு படத்தைக் கொண்டுவந்து காட்டுங்கள். கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ திருக்கோவிலிலோ அக்கரைப்பற்றிலோ மாதர் சங்கக் கூட்டம் நடக்காத ஊர் இல்லை, அரை மணித்தியாலம் போதும். அப்படியே எங்காவது ஒரு ஊரில், அசல் வரி பிளிமத் றொக் பேடுகள் கொஞ்சத்தை ஒரு பெண்கள் குழுவுக்குக் கொடுத்து, ஊர்ச் சேவலோடு சேர்த்து, சிறிய பொரிப்புப் பெட்டியில் பொரிக்க வைத்துப் பாருங்கள். பொட்டில்லாத குஞ்சை முட்டைக்கு, பொட்டு வைத்ததை இறைச்சிக்கு என்று முதல் நாளே பிரித்து, வேறு வேறு விலைக்கு விற்கலாம். ஊர்ச் சேவலின் இரத்தம் பாதி இருப்பதால் முற்றத்தில் கீறித் தின்னவும் பழகும் என்று நம்புகிறேன். வெளியூரிலிருந்து லொறியில் வரும் பெட்டியை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலையும் குறையும்.

வீட்டில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலை மலிவு என்பதற்காகத் தெருவில் வரும் மஞ்சள் குஞ்சை லேயர் என்று நம்பி வாங்காதீர்கள். "என்ன இனம், எந்தப் பொரிப்பகம், பேடு மட்டும் பிரித்ததா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள், பில் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காமல் விட்டால் அடுத்த தடவை அவர் பதிலோடு வருவார்.

கடைசியாக ஆசிரியர் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பத்திரிகையின் விவசாயப் பக்கத்தில் இந்தக் குஞ்சுகளின் படத்தைப் போட்டு ஒரு சின்னக் கட்டுரை வெளியிடுங்கள். மாரி மழை முடிந்து தை, மாசியில்தான் எங்கள் பக்கம் ஆக்கள் குஞ்சு வாங்கத் தொடங்குவார்கள், அதற்கு முன்னம் வந்தால் நல்லது. படம் நிறத்தில் இருக்க வேண்டும், கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் இந்த விஷயத்துக்குப் பிரயோசனம் இல்லை.

இப்படிக்கு,
கோழி வளர்ப்பவர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.